படம் பார்த்தாச்சா?

கேள்வி அனுப்புகிறவர்கள் ஊர்ப் பெயர் மட்டும் போட்டால் போதும். சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிவிட்டு முழு முகவரியும் கொடுப்பது இந்தக் காலத்தில் உடம்புக்கு நல்லதல்ல.

கே: சமீபத்தில் பார்த்ததில் பிடித்த படம் எது? ஒரே வார்த்தையில் சொல்லவும். – திருப்பத்தூர்

'பறந்து போ'. அது இரண்டு வார்த்தை என்று சண்டைக்கு வராதீர்கள்.

கே: 'பறந்து போ', '3 பி.எச்.கே.' இரண்டும் ஒரே நாளில் வந்தன. இரண்டிலும் அப்பாதான் விஷயம். எந்த அப்பா நல்ல அப்பா? – மேடவாக்கம்

2025 ஜூலை 4, வெள்ளிக்கிழமை. ஒரு திரையில் சரத்குமார், சொந்த வீடு வாங்கியே தீருவது என்று பைசா பைசாவாகச் சேர்க்கிறார். பக்கத்துத் திரையில் மிர்ச்சி சிவா, கடன் வசூலிக்க ஆள் வருகிறான் என்றதும் பையனை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பிவிடுகிறார். மாதச் சம்பளக்காரனுக்கு இருக்கிற ஆசையே இந்த இரண்டுதான். இரண்டையும் ஒரே நாளில் ரிலீஸ் செய்துவிட்டார்கள்.

ஸ்ரீகணேஷின் '3 பி.எச்.கே.'யில் எனக்குப் பிடித்தது அந்தக் குடும்பம் உட்கார்ந்து போடும் கணக்கு. கொஞ்சம் சேர்ந்தால் படிப்புச் செலவு வருகிறது. திரும்பச் சேர்ந்தால் ஆஸ்பத்திரி வருகிறது. அதற்குள் வீட்டு விலை இன்னொரு மாடி ஏறிவிடுகிறது. இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? 1997-ல் வந்த 'சூர்யவம்ச'த்தில் இதே சரத்குமார் – தேவயானி ஜோடி ஒரே பாட்டில் முன்னேறியது. பாட்டு முடிவதற்குள் அவர் பஸ் முதலாளி, இவர் கலெக்டர். இங்கே படம் முழுக்க ஓடியும் மூன்று பெட்ரூம் கைக்கு வர மாட்டேன் என்கிறது. நாட்டின் விலைவாசியைத் தமிழ் சினிமா இவ்வளவு துல்லியமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. குறை என்றால், கஷ்டம் எல்லாம் டைம்டேபிள் போட்டது போல வருகிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று வாட்ச்சைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

'பறந்து போ' ராம் எடுத்தது. ராம் படம் என்றால் கர்ச்சீப் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். 'தங்க மீன்கள்' (2013) படத்திலும் காசில்லாத ஓர் அப்பாவும் குழந்தையும்தான். அதில் நம்மைக் கதறவிட்டவர் இதில் சிரிக்கவிடுகிறார். அம்மா கோயம்புத்தூரில் கண்காட்சியில் ஸ்டால் போட்டுப் புடவை விற்கிறாள். அப்பாவும் வேலைக்குப் போய்விட, பையன் பூட்டிய ஃபிளாட்டுக்குள். அந்தப் பூட்டைக் காட்டிய கையோடு 'ஐயோ பாவம்' என்று வயலின் வாசிக்காமல் அவன் அடிக்கும் லூட்டியைக் காட்டுகிறார் பாருங்கள், அங்கேதான் படம் ஜெயித்தது. நாலு வரியில் வந்து போகும் குட்டிக் குட்டிப் பாட்டுகள் வேறு. சில இடங்களில் அந்தப் பையனைத் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் என்று தோன்றியது. அப்பா வைக்கவில்லை. அதனால் அவர் நல்ல அப்பா, நான் விமர்சகன்.

கே: எல்லோரும் ஆகா ஓகோ என்ற படத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. என் ரசனையில் கோளாறா? – அறந்தாங்கி

தியேட்டரில் ஏ.சி. ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. நிர்வாகத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம் போடுங்கள்.

கே: 'மெய்யழகன்' ரொம்ப நீளம் என்று நான் சொன்னதற்கு வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. நீங்களே சொல்லுங்கள், நீளமா இல்லையா? – நீடாமங்கலம்

நீடாமங்கலத்திலிருந்து இந்தக் கேள்வியா! அரவிந்த்சாமி உங்கள் ஊர்க் கல்யாணத்துக்குத்தானே வருகிறார்?

நீளம்தான். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது. ரிலீசான சில நாட்களிலேயே 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். ஆனால் நீளம் என்று பொதுவாகச் சொன்னால் வீட்டில் பேச மாட்டார்கள். எந்த இடம் நீளம் என்று சொல்லிப் பாருங்கள், சண்டையாவது உருப்படியாக இருக்கும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரலாறு, வீரம், ஜல்லிக்கட்டு என்று கார்த்தி பேசிக்கொண்டே போகும் இடங்களில் இயக்குநர் பிரேம்குமார் கதாபாத்திரத்தைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத் தானே வந்து உட்கார்ந்துவிடுகிறார். அங்கே எனக்கும் கொட்டாவி வந்தது.

அதே ஆள், சொத்துத் தகராறில் வீட்டை விட்டுப் போகும் குடும்பத்தைக் காட்டும்போது ஒரு நிமிடம்கூட நீளமில்லை. அந்தக் கல்யாண மேடை? ஒப்புக்குத் தலையைக் காட்டி, மொய் கொடுத்துவிட்டு, ராத்திரி பஸ்ஸைப் பிடித்து ஓடிவிட வேண்டும் என்று வந்தவர் அரவிந்த்சாமி. மேடையில் தங்கச்சி பரிசுப் பெட்டியை அங்கேயே பிரிக்கிறாள். ஒவ்வொரு நகையாக அவர் கையாலேயே போடச் சொல்கிறாள். கடைசியில் கொலுசு. பெரிய மனுஷன் மண்டியிட்டு அதை மாட்டிவிடுகிறார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பசி, போட்டோகிராபருக்கு அவசரம், இவர்களுக்கு மட்டும் நேரம் நின்றுபோச்சு. நம் கல்யாணங்களில் எல்லோரும் பார்த்திருக்கிற மேடைதான், ஆனால் இதற்கு முன்னால் சினிமாவில் இப்படிப் பார்த்த ஞாபகம் இல்லை. இந்தக் காட்சியைச் சுருக்கச் சொல்கிற ஆளோடு நானும் பேச்சுவார்த்தையை நிறுத்திவிடுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தன்னை 'அத்தான் அத்தான்' என்று சுற்றிவரும் ஆளின் பெயர் அரவிந்த்சாமிக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். படம் முழுக்க அந்தத் தவிப்பு. டிக்கெட்டிலேயே பெயரை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்ட பிறகும் நம்மைத் தவிக்கவிட்டார்களே, அதற்கு நீளத்தை மன்னிக்கலாம்.

கே: நீங்கள் படத்துக்கு மார்க் போடுவீர்களா? – விருத்தாசலம்

ஆனந்த விகடன் போட்டுப் பழக்கிவிட்டது. '16 வயதினிலே'க்கு 62.5, 'முள்ளும் மலரும்' படத்துக்கு 61. பாரதிராஜாவுக்கும் மகேந்திரனுக்கும் நடுவில் ஒன்றரை மார்க் எங்கே போச்சு என்று இன்றைக்கும் டீக்கடையில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒன்றரை மார்க் இல்லை, அந்த அரை மார்க்கில்தான் மரியாதை. அரை மார்க் வரைக்கும் யோசித்தவன் படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். இப்போது ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் போடுகிறவர்கள் மிச்ச அரையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

கே: 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் ஒரே நாளில் வந்தன. ஒன்று ஓடியது, இன்னொன்று ஓடவில்லை. இரண்டும் நல்ல படம் என்றால் ஏன் இப்படி? – ஸ்ரீவைகுண்டம்

2024 ஆகஸ்ட் 23. நல்ல படம் வருவதில்லை என்று புலம்புகிற ஊரில் இரண்டு நல்ல படங்களை ஒரே காலையில் மோதவிட்டார்கள்.

மாரி செல்வராஜ் உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். 'வாழை' பார்த்த உங்களுக்கு நான் என்ன சொல்ல? சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகளுக்கு லீவு. அந்தப் பையனுக்கு வாழைத்தார் சுமக்கும் வேலை. அதிலிருந்து தப்பிக்கக் காலில் முள்ளைக் குத்திக்கொள்ளத் தயாராக இருக்கிறான். ஆனால் வகுப்பில் டீச்சர் மேல் ஒரு பிரியம், கூட்டாளியோடு ரஜினியா கமலா என்று சண்டை. இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். நம் கையைப் பிடித்து மெதுவாகத்தான் கூட்டிப் போகிறார். தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூடக் கேட்டு ஜெயித்தவர்களை, அந்தக் காசை ஈடுகட்ட லோடு லாரியின் மேலேயே ஏற்றி அனுப்புகிறார் வியாபாரி. அந்த ஒரு ரூபாய் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அழுதுவிட்டு வெளியே வந்தவர்கள் அடுத்தவர்களை அனுப்பிவைத்தார்கள். ஓடியது.

'கொட்டுக்காளி' கையைப் பிடிக்காது. பின்னணி இசையே இல்லை. ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் ஒரு குடும்பம் ஒரு பெண்ணைப் பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போகிறது. அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறதாம். வேறொருவனைப் பிடித்துப்போனதற்கு அந்த ஊரில் அப்படிப் பெயர். சூரி தொண்டை கட்டிப்போன குரலில் கத்துகிறார். அன்னா பென் பேசுவதே இல்லை, பார்க்கிறார். ஆட்டோவில் கட்டிப்போட்ட சேவல் ஒன்று கூடவே வருகிறது. வழியில் ஒரு காளை ரோட்டை மறித்து நிற்கிறது. மீசை முறுக்கிய அத்தனை ஆம்பிளைகளும் செய்வதறியாமல் நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து சர்வசாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். நான் தியேட்டரில் சத்தம் போட்டுச் சிரித்த காட்சி அது. நான் மட்டும்தான் சிரித்தேன் என்பது வசூல் நிலவரம்.

முடிவு என்ற ஒன்றை இயக்குநர் வினோத்ராஜ் கொடுக்கவில்லை. பூசாரி வீட்டு வாசலில் நிறுத்தி, இனி நீயே யோசி என்று விளக்கைப் போட்டுவிட்டார். 'அவ்வளவுதானா?' என்று கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் இதைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது, திருவிழாக்களில் மட்டும் போட்டிருக்க வேண்டும் என்று திரையுலகத்திலேயே சிலர் சொன்னார்களே, அதுதான் உறுத்தியது. பெர்லினில் உட்கார்ந்து பார்த்தவனுக்குப் புரியும், மதுரைப் பக்கத்துக் கதை மதுரைக்காரனுக்குப் புரியாது என்றால் என்ன நியாயம்?

கே: எந்தப் படத்தைக் கேட்டாலும் 'ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்' என்கிறார்கள். எல்லாப் படமும் எப்படி ஒரே மாதிரி லேக் ஆகும்? – சேலம்

இடைவேளைதான் காரணம். நம் ஊரில் கதை சொல்லப் போனால், தயாரிப்பாளர் முதலில் கேட்பது 'இன்டர்வெல் பிளாக் என்ன?' என்றுதான். நடுவில் ஒரு வெடியை வைத்துவிட்டு அதற்கு முன்னாலும் பின்னாலும் கதையை நிரப்புகிறார்கள். முதல் பாதியில் கேள்வி கேட்டால் போதும். யார் இவன், ஏன் வந்தான், பையில் என்ன என்று எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், செலவில்லை. இரண்டாம் பாதியில் அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டும். என் பிழைப்பே பதில் சொல்வதுதான் என்பதால் அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

'மாரீசன்' நல்ல உதாரணம். திருடப் போன வீட்டில் வடிவேலுவைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். மறதி நோய். அவிழ்த்துவிட்டால் பணம் தருகிறேன் என்கிறார். ஏ.டி.எம்.மில் அவர் கணக்கில் இருக்கிற தொகையைப் பார்த்த ஃபகத் ஃபாசில், ஆளை விட மனசில்லாமல் பைக்கில் ஏற்றிக்கொள்கிறார். ஒரு திருடன், ஒரு மறதிக்காரர், நீளமான ரோடு. வடிவேலு அடுத்த நிமிடம் என்ன மறப்பார், ஃபகத் அடுத்த நிமிடம் எதை எடுப்பார் என்பதே போதுமான கதை. இடைவேளைக்குப் பிறகு அது பழிவாங்கும் படமாக மாறி, காரணங்களை வரிசையாக விளக்க ஆரம்பித்துவிட்டது. நான் பாதியிலேயே வடிவேலு மாதிரி எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து பார்க்கலாமா என்று யோசித்தேன்.

கே: நானும் போலீஸ் ஸ்டேஷனில் போய் 'லட்சுமியைக் காணோம்' என்று புகார் கொடுக்கலாமா? – கே.கே. நகர்

கொடுங்கள். 'மகாராஜா' பார்த்துவிட்ட இன்ஸ்பெக்டராக இருந்தால் லட்சுமி என்கிற குப்பைத்தொட்டிக்கே எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவார்.

நிதிலன் சாமிநாதன் காலத்தைக் கலைத்துப்போட்டுச் சொன்ன விதத்துக்காக இரண்டாவது தடவை பார்க்கலாம். முதல் தடவை என்ன நடந்தது என்று பார்க்கிறோம், இரண்டாவது தடவை எது எப்போது நடந்தது என்று பார்க்கிறோம். அந்தக் கடைசி உண்மையை மட்டும் மூன்றாவது தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒரு கொடுமையை கடைசித் திருப்பத்துக்குப் பயன்படுத்தியதில் மனசு இன்னும் சமாதானமாகவில்லை. சீனாவரைக்கும் போய் ரிலீசான படம். அங்கே 'லட்சுமி'க்கு என்ன பெயர் வைத்தார்களோ.

கே: 'கங்குவா' பார்த்துவிட்டு வந்து காது வலி. தியேட்டரைக் குறை சொல்வதா, படத்தையா? – ஆவடி

தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் சவுண்டை இரண்டு பாயின்ட் குறைத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நாயகன் வீட்டிலிருந்தே, முதல் அரைமணி நேரம் சரியில்லை, சத்தம் அதிகம் என்று ஜோதிகா ஒப்புக்கொண்டு எழுதினார். விமர்சகர்கள் எவ்வளவு கத்தியும் நடக்காதது அது. ஒரு படத்தின் எதிரிகளும் நண்பர்களும் ஒரே கருத்தைச் சொல்வது அபூர்வம். காதுக்கு டாக்டரைப் பாருங்கள்.

கே: ரிலீசான மூன்று நாளைக்கு யாரும் விமர்சனம் சொல்லக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்களே. நியாயம்தானே? – பொள்ளாச்சி

'கங்குவா'வுக்குப் பிறகுதான் அந்தக் கோபம் முற்றியது. தியேட்டர் வாசலில் மைக் நீட்டுகிறவர்களை உள்ளே விடாதீர்கள் என்றார்கள், உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். விமர்சனம் என்பது கருத்துரிமை என்று 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை தர நீதிமன்றம் மறுத்துவிட்டது.

காசு வாங்கிக்கொண்டு ஒரு படத்தைக் கொல்கிறவர்கள் இருக்கலாம். காசு வாங்கிக்கொண்டு ஒரு படத்தைத் தூக்குகிறவர்கள்மேல் மட்டும் யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. அது போகட்டும். யூடியூபில் மைக் பிடித்தவனை நிறுத்திவிட்டீர்கள். மேட்னி முடிந்து வெளியே வருகிறவனைப் பார்த்து, ஈவினிங் ஷோவுக்கு நிற்கிறவன் புருவத்தைத் தூக்குவான். இவன் உதட்டைப் பிதுக்குவான். அதற்கு எந்த நீதிமன்றத்தில் தடை வாங்குவது? சின்னப் படங்களைக் காப்பாற்றியதும் அந்த உதடுகள்தான். 'லப்பர் பந்து'வுக்கு யார் போஸ்டர் ஒட்டிக் கூட்டம் சேர்த்தது? பார்த்தவன் பார்க்காதவனிடம் சொன்னான், அவ்வளவுதான்.

கே: 'லப்பர் பந்து'வில் யார் ஹீரோ? மாமனாரா, மருமகனா? – தொழுதூர்

ஹரீஷ் கல்யாண் என்று டைட்டில் சொல்கிறது, 'அட்டகத்தி' தினேஷ் என்று விசில் சொல்கிறது. கல்யாண வயதில் மகள் இருக்கும்போதும் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் 'கெத்து'வை எல்லா ஊர்க் கிரவுண்டிலும் பார்க்கலாம். வீட்டில் வேலையாகப் போகிறேன் என்று சொல்லியிருப்பார், சட்டைக்குள் டீம் ஜெர்சி இருக்கும். பேட்டிங்குக்கு வரும்போது ஸ்பீக்கரில் விஜயகாந்த் பட்டையைக் கிளப்புகிறார். 1989-ல் வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு, பிறக்காத பிள்ளைகளையெல்லாம் 2024-ல் ஆடவைத்தது.

ஆனால் என்னைக் கேட்டால் ஹீரோ சுவாசிகா. புருஷன் ஆடுகிற பிட்ச்மேல் டிராக்டரை ஓட்டிவிடுகிற மனைவியை விட்டுவிட்டு வேறு யாருக்கு ஓட்டுப் போடுவது? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஆட்டம் நன்றாக ஆடினாலும் சாதியைப் பார்த்து டீமில் சேர்க்காத விஷயத்தை இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து மேடை போட்டுப் பேசவில்லை. பெஞ்சில் உட்காரவைத்தே காட்டிவிட்டார்.

கே: மலையாளத்துக்காரன் எடுக்கிற மாதிரி நம்மாளுக்கு ஏன் எடுக்கத் தெரியவில்லை? – கோவில்பட்டி

இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தபால்காரருக்கே பதில் தெரியும்.

'மஞ்சும்மல் பாய்ஸ்' மனசில் வைத்துத்தானே கேட்கிறீர்கள்? குகை கொடைக்கானலில் இருக்கிறது. பாட்டு 1991-ல் வந்த நம்ம 'குணா'. 2006-ல் குழிக்குள் விழுந்த நண்பனை மீட்ட நிஜச் சம்பவம் நடந்ததும் அங்கேதான். பாதி வசனம் தமிழ். டப்பிங்கூட இல்லாமல் வந்த படத்துக்கு நம் ஊரில் டிக்கெட் கிடைக்காமல் அலைந்தோம். நம்ம குகை, நம்ம பாட்டு, நம்ம காசு. அவர்கள் கொண்டுவந்தது சிதம்பரம் என்ற இயக்குநரையும் ஒரு கயிற்றையும்தான். அந்தக் கயிற்றில் இரண்டு பேர் மேலே வரும் நேரம் பார்த்து 'குணா' பாட்டைப் போட்டார் பாருங்கள், முப்பது வருஷமாகக் காதல் பாட்டு என்று கேட்டதை நண்பனுக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் மலையாளத்திலும் வாரா வாரம் மொக்கை வருகிறது. அதெல்லாம் வாளையாறு தாண்டுவதில்லை.

கே: 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் சசிகுமாரும் சிம்ரனும் பேசும் எங்கட தமிழைப் பற்றி உங்கட கருத்து? – ஸ்காபரோ

அதில் நான் மார்க் போட்டால் நீங்கள் அடிக்க வருவீர்கள். தேர்வு வைக்க வேண்டியது நீங்கள்தான். இங்கே தியேட்டரில் 'என்னண்டு' கேட்டவுடன் கைதட்டுகிறார்கள், அங்கே என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

எனக்கு வேறொரு விஷயத்தில் கருத்து உண்டு. இலங்கையில் பொருளாதாரம் விழுந்து, பிழைக்க வழியில்லாமல் படகேறி வரும் குடும்பம். ராமேஸ்வரம் கரையில் போலீஸ்காரர் பிடிக்கிறார், சின்னவனின் வாய்ச் சாமர்த்தியத்தில் மனமிளகி விட்டுவிடுகிறார். மெட்ராஸில் ஒரு தெரு. அங்கே கதவை மூடிக்கொண்டு இருந்தவர்களையெல்லாம் இந்தக் குடும்பம் ஒவ்வொருவராகத் திறக்கிறது. எம்.எஸ். பாஸ்கர் வரும் இடமெல்லாம் படம் இரண்டு அடி உயர்ந்து நிற்கிறது. அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம், அதுவும் சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே மே 1-ல். துணிச்சல்காரப் பிள்ளை.

ஆனால் 2022-ல் நிஜமாகத் தனுஷ்கோடியில் வந்து இறங்கியவர்கள் போய்ச் சேர்ந்தது மண்டபம் முகாமில். படத்தில் ஒரு தெருவே கெட்டவர் இல்லாத தெரு. சட்டம் ஒரு நல்ல கான்ஸ்டபிளின் கண்ணில் முடிந்துவிடுகிறது. பார்க்கும்போது நானும் கண்ணைத் துடைத்தவன்தான். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, அந்தக் கான்ஸ்டபிளுக்குப் பதில் வேறொருவர் டூட்டியில் இருந்திருந்தால் படம் பத்து நிமிடம்தானே என்று தோன்றியது. ஒரு படம் இப்படி ஒரே நேரத்தில் பிடிக்கவும் செய்யலாம், பிடிக்காமலும் போகலாம்.

கே: 'கூலி'க்கு என் பையனை உள்ளே விடவில்லை. ரஜினி படத்துக்கே பிள்ளைகளை விடாவிட்டால் எப்படி? – தாம்பரம்

'ஏ' சான்றிதழ். யு.ஏ. கேட்டுத் தயாரிப்பாளர் உயர் நீதிமன்றம் வரைக்கும் போயும் கிடைக்கவில்லை. இப்போது யு.ஏ.விலேயே 7+, 13+, 16+ என்று மூன்று படி. அதில் பெற்றோர் கூட இருந்தால் பார்க்கலாம், 'ஏ' என்றால் அப்பா கூட வந்தாலும் வாசலோடு சரி. படம் வந்த 2025, தலைவருக்கு சினிமாவில் ஐம்பதாவது வருஷம், உங்கள் பையனுக்கு இன்னும் பதினெட்டாகவில்லை. இரண்டு பேருக்கும் வயதுதான் பிரச்சினை.

கே: நாலு வாரத்தில் ஓ.டி.டி.யில் வரப்போகிறது. எதற்குத் தியேட்டர்? – வேளச்சேரி

'கொட்டுக்காளி'யை வீட்டிலும் போட்டுப் பார்த்தேன். பின்னணி இசை இல்லாத குறையைப் பக்கத்து வீட்டு மிக்ஸி தீர்த்துவைத்தது.

கே: எனக்குப் பிடிக்கிற படம் என் மனைவிக்குப் பிடிக்காது. அவளுக்குப் பிடித்தது எனக்கு ஆகாது. – தென்காசி

'தலைவன் தலைவி' பாருங்கள். புரோட்டாக் கடை வைத்திருக்கும் விஜய் சேதுபதியும் நித்யா மேனனும் படம் முழுக்க உங்களுக்குப் பதிலாகச் சண்டை போடுவார்கள். அந்த இரைச்சலில் உங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் படம் பிடிக்காமல் போக வாய்ப்புண்டு. அது ஒரு தொடக்கம்.

கே: 'கில்லி'யை டி.வி.யில் நூறு தடவை பார்த்தாயிற்று. ரீ-ரிலீசுக்குப் போய் ஏன் காசு கொடுக்கிறார்கள்? – தஞ்சாவூர்

படம் பார்க்கப் போனால்தானே அந்தக் கேள்வி. 2024 ஏப்ரலில் அங்கே போனவர்களில் பாதிப் பேர் 2004-ல் படம் வந்தபோது பால் குடித்துக்கொண்டிருந்தவர்கள். பிரகாஷ்ராஜ் வாயைத் திறக்குமுன் வசனத்தை மொத்தத் தியேட்டரும் சொல்லிவிட்டது. நடிகருக்கு வேலையே இல்லை.

கே: மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். வயது எழுபது. ரத்தம் ஆகாது, சத்தம் ஆகாது, சோகம் வேண்டும். மூட்டு வலி. எந்தப் படத்துக்குக் கூட்டிப்போகலாம்? – அம்பத்தூர்

ரத்தம், சத்தம் கூடாது என்றதுமே பெரிய ஹீரோக்கள் எல்லாம் கழன்றுவிட்டார்கள். 'வாழை' வேண்டாம், அது அவர் கேட்கிற சோகம் இல்லை, நாலு நாள் சாப்பிட மாட்டார். 'டூரிஸ்ட் ஃபேமிலி' சரிப்படும், ஆனால் அதற்குத் தியேட்டர் தேட வேண்டாம், வீட்டிலேயே போட்டுக் கொடுத்துவிடலாம். 'மெய்யழகன்' போட்டால் அந்தக் கல்யாண மேடை வரும்போது உங்கள் கல்யாணத்தில் யார் யாருக்கு என்ன செய்யவில்லை என்ற பழைய கணக்கு கிளம்பும் அபாயம் இருக்கிறது. அதற்குத் துணிவிருந்தால் போடுங்கள்.

தியேட்டருக்குத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், படத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் லிஃப்ட் இருக்கிற தியேட்டராகப் பாருங்கள். கடைசி வரிசை ஓரத்து சீட். இடைவேளையில் பாப்கார்ன் விலையை அவர் காதில் போட வேண்டாம்.